காலையில் விடாது, மத்தியானம் பிடிக்காது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வண்டி ஓட்டாதவர்களும் படிக்கலாம். வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் வண்டி மட்டுமல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். என்னிடம் படித்தவன் அல்ல. அவன் அப்பா படித்தார், அவன் தாத்தா எனக்கு நண்பர். மீன் வியாபாரி. நான் அண்ணன் என்று கூப்பிட்டவர். போன வருடம் காலமானார்.

"சார், தாத்தா புல்லட்ட மெக்கானிக்கு கிட்ட காட்னேன். ஸ்லிப் ஆவுது, கிளட்ச் போயிடுச்சுன்னு சொல்றாரு. எல்லாத்தையும் பிரிக்கணும்னு சொல்றாரு. வித்துடலாமான்னு அப்பா கேக்குறாரு. நீங்க இன்னா சார் சொல்றீங்க?"

நான் வரலாற்று ஆசிரியன், மெக்கானிக் அல்ல. அந்தப் பையன் என்னிடம் ஏன் கேட்டான் என்றால், அந்த வண்டியின் கிளட்ச் ஒருமுறை கெட்டுப்போனதற்கு நானும் ஒரு காரணம். அது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருடமாக யாரும் அதை என்னிடம் குற்றமாகச் சொன்னதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டியின் வரலாறு.

பழவேற்காடு என்றவுடன் எல்லாருக்கும் டச்சுக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். 1613ல் கட்டிய கெல்டிரியா கோட்டை, கல்லறைத் தோட்டம், துணி ஏற்றுமதி. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊர்க் குப்பங்களின் வாழ்க்கையை நிர்ணயித்தது கோட்டையை விட ஒரு சின்னக் கேள்வி: பிடித்த மீன் கெடுவதற்குள் சந்தைக்கு எப்படிப் போகும்? ஒரு காலத்தில் கால்வாய் பதில் சொன்னது. 1806ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1876-78 பஞ்ச காலத்துக்குப் பிறகு அதற்கு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வந்தது. விறகும் உப்பும் மீனும் படகில் போயின. 1960களில் வந்த புயல்களுக்குப் பிறகு, மண் மூடி, கவனிப்பாரில்லாமல் அந்த வழி மெல்ல அடைந்தது. மீன் ரோட்டுக்கு ஏறியது. முதலில் தலைச்சுமை, பஸ், சைக்கிள். அப்புறம் மோட்டார் வண்டி. 1980ல் வந்த டிவிஎஸ் 50க்குப் பின்னால் மீன் கூடை கட்டிய காட்சியை வடசென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் மட்டும் புல்லட் வைத்திருந்தார். ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, கைமாறி, கைமாறி அவரிடம் வந்த பழைய 350. பின்பக்கம் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, நண்டும் இறாலும் மடவையும் ஐஸும் வைத்துப் பொன்னேரிக்குப் போவார். சில நாள் காசிமேடு வரை.

அந்த வண்டி தொலைவிலிருந்து வந்ததல்ல. நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி அது. இந்திய அரசு ராணுவத்துக்கும் போலீசுக்கும் 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று கேட்டது. 1955ல் ரெடிச்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். பழவேற்காட்டிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள். முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரியாக வந்ததை இங்கே பூட்டினார்கள். 1962க்குள் எல்லா உதிரியும் இங்கேயே செய்யும் நிலை வந்தது. ரெடிச் தொழிற்சாலை 1967ல் மூடிவிட்டது. தாய் வீடு மூடிய பிறகும் திருவொற்றியூரில் அதே வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது?

பெயரிலும் ஒரு கதை உண்டு. என்ஃபீல்ட் என்பது இங்கிலாந்து அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி செய்து கொடுத்த ரெடிச் சைக்கிள் கம்பெனி, பெருமைக்காக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1893ல் ராயல் சேர்ந்தது. வண்டிக்குப் புல்லட் என்று பெயர் வைத்ததும் அந்த வழியில்தான். 1857 பாடத்தில் வருகிற என்ஃபீல்ட் துப்பாக்கியும் அதே ஊரின் பெயர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

1992. நான் பொன்னேரியில் குடியிருந்தேன். பழவேற்காட்டில் வேலை. என்னிடமும் ஒரு பழைய புல்லட். அதனால்தான் அண்ணனோடு சிநேகம். அந்தக் காலத்தில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் கிடையாது. ஏரியைப் படகில் தாண்ட வேண்டும். அண்ணன் வண்டியை இந்தக் கரையில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த வருடம் தீபாவளிக்கு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகள் அடம். படகில் வலை மேல் வண்டியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மழைக்காலம். படகின் அடியில் தண்ணீர் நின்றிருந்தது. உப்புத் தண்ணீர்.

தீபாவளி முடிந்து வந்தவர் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்தார். "சார், வண்டியில தண்ணி பூந்துடுச்சு. ஆயில் பால் கலந்த டீ மாதிரி வருது. எல்லாத்தையும் கொட்டிட்டேன். உங்க வண்டிக்கு இன்னா ஆயில் ஊத்துறீங்க?"

மணி அடித்துவிட்டது. எனக்கு அவசரம். "கியர் ஆயில் தொண்ணூறு ஊத்துங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான் சொன்னது கியர் பாக்ஸுக்கு. அவர் கேட்டது வேறொன்றுக்கு.

ஒரு மாதம் கழித்து வண்டி படுத்துவிட்டது. படுத்துவிட்டது என்றால் ஓடவே இல்லை என்று அர்த்தமில்லை. அதுதான் குழப்பம். காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் கியர் போட்டால் கடக்கென்று வண்டி முன்னால் பாயும். கிளட்ச் லிவரை முழுக்கப் பிடித்திருந்தாலும் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது. அதே வண்டி பத்து கிலோமீட்டர் போய் சூடானதும் நேர் எதிர். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறும், வண்டி போகாது. பாரம் இருந்தால் இன்னும் மோசம். கருகல் நாற்றம் வேறு. காலையில் கிளட்ச் விடமாட்டேன் என்கிறது, மத்தியானம் பிடிக்கமாட்டேன் என்கிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம், வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். முதல் கியர் கடக்கென்று விழும் சத்தத்தை வைத்து, "கியர் பாக்ஸ் போச்சு. கியர் செட் மாத்தணும், கிளட்சும் மாத்தணும்" என்று சொல்லி ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூவாயிரத்து எழுநூறு ரூபாய். அந்தத் தாளைப் படித்துச் சொல்லச் சொல்லித்தான் அண்ணன் என்னிடம் வந்தார். வண்டி நின்று நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு நாள் இறால் ஐஸ் கரைந்து கெட்டுப்போய்க் கீழே கொட்டியிருக்கிறார். கடனுக்கு எடுத்த சரக்கு. வீட்டில் இருந்த ஒரே சங்கிலியை அடகு வைக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

"ஒரு நாள் பொறுங்க அண்ணே. பாய் கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

பாய் பழவேற்காட்டிலேயே இருந்த மெக்கானிக். படகு என்ஜின்தான் அவருக்கு முக்கிய வேலை. சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் புல்லட் வேலை கற்றவர். அதிகம் பேச மாட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வரச் சொன்னார். "வண்டிய ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கினு வாங்க. எனக்கு ஜில்லுன்னு வேணும்."

வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு முதல் கேள்வி. "கடைசியா யாரு கை வச்சது? இன்னா பண்ணீங்க?"

இந்தக் கேள்வியைத்தான் நான் முப்பது வருடமாக மறக்கவில்லை. என்ன கெட்டுப்போச்சு என்று அவர் கேட்கவில்லை. கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் சொன்னார்: கியர் சரியாக விழவில்லை என்று கேபிளை இறுக்கினேன். முதலில் சரியாக இருந்தது. அப்புறம்தான் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது.

"அதுக்கு முன்னாடி?"

"ஆயில் மாத்தினேன்."

பாய் தலையை ஆட்டிவிட்டுச் சோதனையைத் தொடங்கினார். அதை அப்படியே சொல்கிறேன். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

புல்லட்டில் கிக்கரை மிதித்தால் அந்த விசை நேரே என்ஜினுக்குப் போகாது. கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாக, பிரைமரி செயின் வழியாகத்தான் என்ஜினைச் சுற்றும். ஆகவே கிக்கரே கிளட்சைச் சோதிக்கும் கருவி. பாய் கிளட்ச் லிவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு மிதித்தார். நல்ல கிளட்ச் என்றால் தட்டுகள் விலகி, கிக்கர் லேசாக இறங்க வேண்டும், என்ஜின் சுற்றக் கூடாது. இங்கே என்ஜின் சுற்றியது. "ஒட்டிக்கினு கீது" என்றார்.

பிறகு என்ஜினை ஓட விடாமல், வண்டியை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே நாலு கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டார். டொக், டொக், டொக், டொக். சுத்தமாக விழுந்தது. என்ஜின் ஓடாதபோது கியர் ஒழுங்காக விழுந்து, ஓடும்போது மட்டும் கடக்கென்று அடித்தால் குற்றவாளி பெரும்பாலும் கியர் பாக்ஸ் அல்ல, விடாத கிளட்ச். அடுத்து ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு, லிவரைப் பிடித்தும் விட்டும் காது கொடுத்தார். கியர் பாக்ஸில் பேரிங் அல்லது பல் தேய்ந்திருந்தால், லிவரைப் பிடித்ததும் உள்ளே சுற்றுவது நின்று சத்தம் குறையும். மாறாக, லிவரைப் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். தட்டுகள் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது என்று அவரே சொல்லி, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு பெட்டி ஐஸும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி ரோட்டில் ஒரு சுற்று. திரும்பி வந்தபோது கருகல் நாற்றம் எனக்கே அடித்தது. ஓட்டத்தில் எந்தக் கியரும் நழுவி வெளியே வரவில்லை. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டபோதும் வரவில்லை. பல் தேய்ந்த கியர், வளைந்த ஃபோர்க் என்றால் அங்கேதான் நழுவும். கியர் பாக்ஸ் விடுதலை.

சூடான வண்டியில் மறுபடியும் கிக்கர். இந்த முறை லிவரைத் தொடாமல். கிக்கர் மெத்தென்று வழுக்கி இறங்கியது, என்ஜின் அசையவில்லை. கிக்கரின் ராட்செட் தேய்ந்திருந்தால் கடகடவென்று பல் தாவும் சத்தம் கேட்கும். அது இல்லை. ஆகவே தட்டுகள் வழுக்குகின்றன.

கரைவலை இழுத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கயிற்றைப் பிடித்தால் பிடிக்க வேண்டும், விட்டால் விட வேண்டும். பாதிப் பிடியில் கயிறு ஓடினால் உள்ளங்கை வெந்துவிடும். கிளட்சுக்குள் நடந்ததும் அதுதான்.

அடுத்து லிவர். அதன் அடியில் ஒரு ரூபாய்க் காசு கனத்துக்காவது தளர்வு இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேபிள் இழுக்கத் தொடங்க வேண்டும். அண்ணன் வண்டியில் தளர்வு துளிகூட இல்லை. அதாவது லிவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாய் கேபிளைத் தளர்த்தினார். வழுக்கல் குறைந்தது. ஆனால் காலையில் இருந்த ஒட்டல் இரண்டு மடங்காக வந்தது.

"ரெண்டு நோய் இல்ல சார் இது. ஒரு நோய், ஒரு வைத்தியம். வைத்தியந்தான் ரெண்டாவது நோயாயிடுச்சு" என்றார் என்னைப் பார்த்து.

பிறகுதான் ஸ்பானரை எடுத்தார். இடது கால் மிதியைக் கழற்றி, அந்தப் பக்கத்து மூடியின் நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைத் திறந்தார். பழைய புல்லட்டில் பிரைமரி மூடிக்கு ஒரே ஒரு பெரிய நட்டுதான். தட்டில் எண்ணெய் இறங்கியது. தேன் மாதிரி கெட்டி, கறுப்பு, கருகல் வாசனை. தட்டுகளை எடுத்தால் இரண்டு இரண்டாக ஒட்டி வந்தன. இரும்புத் தட்டுகளில் உப்புத் தண்ணீர் தின்ற துருப் புள்ளிகள். கார்க் வைத்த தட்டுகள் வெந்து கண்ணாடி மாதிரி வழவழத்துப்போயிருந்தன.

பாய் விரலில் எண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். "இது தொண்ணூறு. கியர் ஆயில். இந்தப் பக்கம் என்ஜின் ஆயில்ல ஊத்தணும்? யாரு ஊத்தச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "நானாத்தான் ஊத்தினேன் பாய்."

நான் ஒன்றும் பேசவில்லை. பத்தாம் வகுப்பில் உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார், பேசவில்லை.

தவறு எங்கே நடந்தது என்று புரிய, புல்லட்டின் உள்கட்டைச் சொல்ல வேண்டும். இதுவும் வரலாறுதான். அந்த வண்டியில் மூன்று அறைகள். நடுவில் என்ஜின், அதற்கு ஒரு எண்ணெய். இடது பக்கம் பிரைமரி செயினும் கிளட்சும், அதற்குத் தனியாக என்ஜின் ஆயில், அரை லிட்டருக்கும் குறைவு. பின்னால் கியர் பாக்ஸ், அதற்கு கிரீஸும் கெட்டி எண்ணெயும். மூன்று வீடு, மூன்று சமையல். ஏன் இப்படிப் பிரித்தார்கள்? அந்தக் கால இங்கிலாந்தில் வண்டிக் கம்பெனிகள் பல, கியர் பாக்ஸைத் தாங்களே செய்வதில்லை. புல்லட்டின் நாலு கியர் பாக்ஸ் பர்மிங்காமில் இருந்த ஆல்பியன் என்ற கம்பெனியுடையது. வேறு ஊரில் வேறு கம்பெனி செய்த பெட்டியை என்ஜினின் முதுகில் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். அந்தத் தொழில் ஏற்பாடுதான் பழவேற்காட்டு வண்டிக்குள் தனித் தனி அறையாக வந்து உட்கார்ந்திருந்தது.

ஆகவே "வண்டிக்கு என்ன ஆயில்" என்று புல்லட்டில் கேட்கவே கூடாது. "எந்த அறைக்கு" என்று கேட்க வேண்டும். அண்ணன் அறையைச் சொல்லவில்லை. நான் அறையைக் கேட்கவில்லை. படகில் இடது பக்கமாகப் படுத்த வண்டி, தண்ணீர் புகுந்தது இடது அறையில். யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மணி அடித்துவிட்டது.

இப்போது 1857க்கு வருகிறேன். பாடத்தில் காரணங்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். நீண்டகாலக் காரணங்கள், உடனடிக் காரணம். உடனடிக் காரணம் என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்று பரவிய செய்தி. பிள்ளைகள் தேர்வில் அதை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். நான் சிவப்பு மையால் அடிப்பேன். கொழுப்பு மட்டும் காரணமா? பறித்த ராஜ்ஜியங்கள் எங்கே, நிலவரி எங்கே, சிப்பாய்களின் மனக்குறை எங்கே?

பாயின் பட்டறை வாசலில் உட்கார்ந்து நான் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வண்டி வழுக்கியது. உடனடிக் காரணம் இறுக்கிய கேபிள். கேபிளை ஏன் இறுக்கினார்? கிளட்ச் விடவில்லை. ஏன் விடவில்லை? கெட்டி எண்ணெயும் துருப்பிடித்த தட்டும். துரு எங்கிருந்து? படகின் தண்ணீர். வண்டி ஏன் படகில் ஏறியது? குப்பத்துக்குப் பாலம் இல்லை. கெட்டி எண்ணெய் எங்கிருந்து? அவசரத்தில் இருந்த ஒரு வாத்தியார். இங்கேயும் என்ஃபீல்ட், இங்கேயும் கொழுப்பு. அந்த ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த தாளும், உடனடிக் காரணத்தை மட்டும் எழுதிய விடைத்தாள்தான். சத்தம் கேட்ட இடத்தைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. புது கியர் செட் போட்டிருந்தால் மூவாயிரத்து எழுநூறு போயிருக்கும், சங்கிலியும் போயிருக்கும், மறுநாள் காலை அதே கடக் சத்தம் கேட்டிருக்கும்.

பாய் செய்த வைத்தியம் சின்னது. தட்டுகளை மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கழுவினார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, இரும்புத் தட்டுகளைத் துரு போகத் தேய்த்தார். அதே கண்ணாடியில் வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். கார்க் தட்டு மட்டும் புதிது. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கி வர நானே போனேன். அன்று பள்ளிக்கு விடுப்பு. என்ஜின் ஆயில் ஊற்றினார். கடைசியில் சரிசெய்த வரிசை முக்கியம். கேபிளை முழுக்கத் தளரவிட்டு, முதலில் கியர் பாக்ஸ் பக்கத்துச் சின்ன மூடிக்குள் இருக்கும் புஷ் ராடு ஸ்குரூவைச் சரிசெய்தார். அதற்குப் பிறகுதான் கேபிள், காசு கனத் தளர்வோடு. தலைகீழாகச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றும். எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தட்டு வாங்கிய பணத்தை நான் அண்ணனிடம் வாங்கவில்லை. அவர் ஏன் என்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் படகுத்துறையில் அவரிடம் கேட்டேன். "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க? நான்தானே சொன்னேன்."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க கியர் பாக்ஸுக்குச் சொன்னீங்க வாத்தியாரே. நான் எந்த ஓட்டைன்னு கேக்கல. இதுல உங்க மேல இன்னா தப்பு? ஊரு பிள்ளைங்க எதிர்ல வாத்தியார் தப்பா சொன்னாருன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அடுத்த வாரம் பாயிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் படகு என்ஜினிலிருந்து தலையைத் தூக்காமலே, "தெரியும் சார். உங்க மூஞ்சி அன்னைக்கே சொல்லிடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், மணி அடித்தாலும், "எதைக் கேட்கிறாய், இன்னொரு முறை சொல்" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

காலம் மாறிவிட்டது. 1984, 85ல் இண்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பான் வண்டிகள் வந்தன. புல்லட்டில் வலது காலில் இருந்த கியர் லிவர் இவற்றில் இடது காலில். சிடி 100ல் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில். மூன்று வீடு கூட்டுக் குடும்பம் ஆகிவிட்டது. புல்லட்டும் 2009ல் வந்த கிளாசிக்கில் அந்த வழிக்கே போய்விட்டது. நான் பழையதே உயர்ந்தது என்று சொல்பவன் அல்ல. மீன் வியாபாரிக்கு வேண்டியது காலையில் கிளம்பி மத்தியானம் திரும்பும் வண்டி. புது வண்டிகள் அதைப் புல்லட்டை விட நன்றாகச் செய்தன. ஆனால் கூட்டுக் குடும்பத்திலும் எண்ணெயைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். சில கார் எண்ணெய்களில் உரசலைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். காருக்கு நல்லது. எண்ணெயில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஆகாது, வழுக்கும். அதற்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998ல் பைக் எண்ணெய்க்குத் தனி முத்திரை கொண்டுவந்தார்கள். டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏரிக்கரை வண்டிக்காரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் கேபிளின் உள் கம்பி துருப்பிடித்து ஒவ்வொரு இழையாக அறும். லிவர் கனமாக இருந்தால் கிளட்சைத் திட்டுவதற்கு முன் கேபிளைக் கழற்றி இழுத்துப் பாருங்கள். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனால் பின் செயினில் சில கண்ணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது பின் சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். கியர் பாக்ஸ் கடைசியாகத் திறக்க வேண்டிய கதவு.

சரி, அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள்.

பாலம் வந்துவிட்டதால் இப்போது நேராகவே போய்விடலாம். போனேன். வண்டி தாத்தா விட்ட இடத்திலேயே, ஓலைச் சார்ப்பின் கீழ். முதல் கேள்வியைக் கேட்டேன். "கடைசியா யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கல சார். தாத்தா போனப்புறம் ஆயில்கூட மாத்தல."

லிவரில் தளர்வு சரியாக இருந்தது. கேபிள் நல்ல கேபிள். இடது மூடியின் எண்ணெய் பழையது, ஆனால் சரியான எண்ணெய். சூடாக்கிக் கிக்கரை மிதித்தால் மெத்தென்று வழுக்குகிறது. என்ஜின் ஓடாமல் நாலு கியரும் டொக் டொக் என்று விழுகின்றன. ஆகவே இந்த முறை மெக்கானிக் சொன்னதுதான் சரி. அண்ணன் கடைசியாகத் தட்டு மாற்றிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். தேய்ந்து தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை. இடது மூடி, ஒற்றை நட்டு, தட்டும் ஸ்பிரிங்கும். அதை மெக்கானிக்கிடம் சொல்லச் சொன்னேன். சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டால் எப்போதும் சதிதான் வெளியே வர வேண்டும் என்றில்லை. சில சமயம் வெறும் வயசு வெளியே வரும்.

விற்பதா வேண்டாமா என்பது அவர்கள் குடும்ப விஷயம். அதில் நான் கருத்துச் சொல்லவில்லை.

கிளம்பும்போது பையன் கேட்டான். "சார், இதுக்கு இன்னா ஆயில் ஊத்தணும்?"

நான் இறங்கி நின்று கேட்டேன். "எந்தப் பக்கத்துக்குக் கேக்குற தம்பி?"